முப்பத்திநாலு மார்க் மண்

விற்கத் தெரியாதவனைப் பார்த்திருக்கிறேன். வாங்கத் தெரியாதவனையும் பார்த்திருக்கிறேன். நல்ல விலை சொல்லி ஆள் வாசலில் வந்து நிற்கும்போது, என் சரக்கை யாரும் வாங்க முடியாதபடி ஒரு தடை போட்டுக் கொடுங்கள் என்று ஊராட்சி ஆபீசில் மனு கொடுத்தவன் ஒரே ஒருத்தன்தான். ஊரில் அவனுக்குத் தராசு என்று பெயர்.

அந்தப் பெயரை வைத்தது அவன் அம்மா. சின்ன வயதில் அவனுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ரெண்டு உருளைக்கிழங்கு வைத்தால், நாலையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தன் பங்கை எடுப்பானாம். எடுத்த பிறகும் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடமாட்டான், தம்பி மெல்லுகிற வாயைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். தன் கிழங்கில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது. தம்பி கிழங்கில் இருந்தது என்று சத்தியம் பண்ணுவான்.

அப்பா போன பிறகு ஆறு ஏக்கரைப் பிரித்தார்கள். அண்ணன் பிரிக்க வேண்டியது, தம்பி எடுத்துக்கொள்ள வேண்டியது என்று பேச்சு. தராசு மூன்று நாள் கயிறு பிடித்து, முட்டி தேயத் தேய நடந்து, ஒரு சாண் கூடக் குறைய இல்லாமல் நடுவே வரப்புப் போட்டான். சின்னவன் வந்தான், பார்த்தான், கிழக்குப் பக்கம் கையை நீட்டி, "அது இருக்கட்டும்ணே" என்றான். அவ்வளவுதான். அன்று ராத்திரியே தராசுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் கிழக்கு? கிழக்கில் என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில், சின்னவன் அப்போது கிழக்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தான் என்பதுதான். நான் சொன்னால் தராசு நம்பமாட்டான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் குடிப்பது இந்த மேட்டு நிலங்களுக்குக் கீழே இருக்கிற ஏரித் தண்ணீரை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வடக்குச் சரிவு முழுக்க மனை போட்டு, கல்லும் சிமெண்டுமாகப் பூசிவிட்டார்கள். அடுத்த மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காமல், இருக்கிற மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு நேராக ஏரிக்கு வந்தது. மூன்று வாரம் குழாயைத் திறந்தால் டீ. பாலும் சர்க்கரையும்தான் பாக்கி. அதற்குப் பிறகு ஊராட்சி விழித்துக்கொண்டது. ஏரிக்கு மேலே இருக்கிற ஒவ்வொரு நிலத்தின் மண்ணையும் சோதிப்பார்கள். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிற மண் என்றால் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் மார்க் வரும். அங்கே பச்சைப் பலகை நடுவார்கள். முப்பது வருஷத்துக்கு அந்த நிலத்தில் வீடு கூடாது, மனை கூடாது, விவசாயம் மட்டும்தான். பதிலுக்கு நிலவரி கிடையாது, ஊராட்சிச் சந்தையில் முன்வரிசையில் இடம் உண்டு. அறுபதுக்குக் கீழே வந்தால் பலகையும் இல்லை, தடையும் இல்லை. விற்றுக்கொள், கட்டிக்கொள், உன் பாடு.

சோதிக்க வந்தது ஒரு அம்மா. தலையில் தொப்பி, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு தகர டப்பா, ஒரு கடிகாரம். ஊர் அவருக்கு மண் டாக்டர் என்று பெயர் வைத்தது. நிலத்தின் எதிரெதிர் மூலைகளுக்குக் கயிறு பிடிப்பார், இரண்டு கயிறும் வெட்டிக்கொள்கிற இடத்தில் முழங்கால் ஆழம் தோண்டுவார், மண்புழுவை எண்ணுவார், டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பார். எல்லா நிலத்துக்கும் இதே முறைதான்.

சின்னவன் நிலத்துக்கு எண்பத்தொன்று. தராசு நிலத்துக்கு முப்பத்திநாலு.

முப்பத்திநாலு வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெங்காயம் விலை விழுந்தபோது, தராசு மேல்மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வழித்துச் செங்கல் சூளைக்கு லாரி லாரியாக விற்றான். எங்கள் விதைக் கடைக்கு எதிரேதான் அந்த லாரிகள் நிற்கும். மண்ணையே வித்துட்டா விதையை எதுல போடுவே என்று என் அப்பா கேட்டார். உரமூட்டை எதுக்கு இருக்கு என்றான் தராசு. சின்னவன் அந்த வருஷம் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு, சந்தையில் மிஞ்சிய கோஸ் இலையையும் அழுகின தக்காளியையும் தலையில் சுமந்து வந்து நிலத்தில் புதைத்தான். ஊர் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

முப்பத்திநாலு என்ற காகிதம் வந்ததும் ஊரே தராசுக்கு வாழ்த்துச் சொன்னது. ஏன் என்றால் தடை இல்லாத நிலம் மேட்டில் நாலைந்துதான் மிஞ்சியது; மனைக்காரர் மறுநாளே காரில் வந்து இறங்கிவிட்டார். நல்ல விலை சொன்னார். தராசு பேரம்கூடப் பேசவில்லை, பார்க்கலாம் என்றான். பேரம் பேசாத தராசைப் பார்த்து மனைக்காரர் பயந்துபோய், தானே விலையை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

தராசின் பெண்டாட்டி தையல்காரி. என் சட்டையெல்லாம் அவள் கைத் தையல்தான். சமையல்கட்டுக்கும் மண்வெட்டி போடுகிற அறைக்கும் நடுவில் ஒரு நடை. இருபத்திரண்டு வருஷமாக அந்த நடையில்தான் அவள் மெஷின். ஜன்னல் இல்லை. பட்டப்பகலில் பல்பு எரியும். அந்த நடையிலேயே வெங்காயம் காயப்போடுகிற காலத்தில் அவள் தைத்த துணியைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு கல்யாணச் சட்டை அப்படித்தான் திரும்பி வந்தது.

நிலம் விற்றதும் மார்க்கெட் தெருவில் ஒரு வீடு வாங்குவது என்று முடிவாகியிருந்தது. தெருவைப் பார்த்த அறை, கிழக்கில் ஒன்று தெற்கில் ஒன்றாக இரண்டு ஜன்னல். அவள் நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டாள். நாலாவது தடவை தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தாள். மெஷினைக் கிழக்கு ஜன்னலை ஒட்டித் தெற்கே பார்த்துப் போட்டால் ஊசிக்கு இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும், கை நிழல் மறைக்காது என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அளவைக் குறித்துக்கொள்ளவில்லை, வாயிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த ஜன்னலின் அகலம் தெரியும்.

அந்த வாரத்தில்தான் சின்னவன் நிலத்தில் பலகை நட்டார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம், இரும்புக் கம்பத்தில், இலைப் பச்சையில் வெள்ளை எழுத்து: பாதுகாக்கப்பட்ட விளைநிலம், மதிப்பெண் 81. ஊராட்சித் தலைவர் வந்து சின்னவன் கையைக் குலுக்கினார். தராசு வரப்புக்கு இந்தப் பக்கம் பட்டாணிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவன் கையைக் குலுக்கவில்லை. குலுக்க என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போகும்போது பலகையைப் பார்க்காமல் போவதற்காகத் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்து, வாய்க்காலில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். கடைக்கு வந்தால் விதை வாங்கமாட்டான், வம்பு வாங்குவான். எண்பத்தொண்ணுன்னா என்ன பெரிய எண்பத்தொண்ணு, அந்த அம்மாவுக்கு அவன் முட்டைக்கோஸ் குடுத்திருப்பான் என்றான். நான் சொன்னேன், "உனக்கு நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கு. அவன் முப்பது வருஷம் கட்டிப்போட்ட மாடு. நீ அவிழ்த்துவிட்ட மாடு. எதுக்கு அழறே?"

"அவிழ்த்துவிட்ட மாட்டை யாரும் எண்ணமாட்டாங்க," என்றான்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. இருபத்தெட்டாவது நாள் அவன் ஊராட்சி ஆபீசுக்குப் போய் மறுசோதனை கேட்டு மனு கொடுத்தான். மனுவை வாங்கின கிளார்க் இரண்டு தடவை படித்துவிட்டு, பலகை வந்த எல்லாரும் மார்க்கைக் குறைக்கச் சொல்லித்தான் மனு போட்டிருக்காங்க, நீங்க ஒருத்தர்தான் ஏத்தச் சொல்றீங்க, எழுத்துப் பிழையா என்று கேட்டானாம். எழுத்து சரிதான், மார்க்கில்தான் பிழை என்றானாம் தராசு.

துவைக்கப்போட்ட சட்டைப் பையில் ரசீது இருந்தது. தையல்காரி கையில் சட்டையும் ரசீதுமாக வந்து நின்றாள். அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான். நடந்த பேச்சை அவள் வாயாலேயே பின்னால் கேட்டேன்.

"இது என்னங்க?"

"ரசீது."

"ரசீதுன்னு படிக்கத் தெரியும். மேல்முறையீடுன்னு போட்டிருக்கு. எதுக்கு?"

"மார்க் தப்பு. அவனுக்கு எண்பத்தொண்ணு, எனக்கு முப்பத்திநாலா? ரெண்டும் ஒரே அப்பன் மண்ணு."

"நீங்களும்தான் ஒரே அப்பன் புள்ளைங்க. ரெண்டு பேரும் ஒண்ணாவா இருக்கீங்க?" என்றாள். அவன் அடுத்த காலுக்குத் தண்ணீர் மொண்டான். அவள் குரலைத் தாழ்த்தினாள். "சரி, நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னே வச்சுக்குவோம். அறுபது வந்தா அப்புறம் விக்க முடியாது, தெரியும்ல?"

"விக்கமாட்டேன்னு யார் சொன்னா? முதல்ல அறுபதுன்னு அவங்க ஒத்துக்கட்டும். அப்புறம் விக்கிறேன்."

"ஒத்துக்கிட்டா விக்கவே முடியாதுங்க."

"அது வேற விஷயம்."

"முப்பது வருஷம். எனக்கு எழுபத்தஞ்சு ஆயிடும். அப்போ அந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்து என்ன தைக்கிறது? எனக்குப் போர்த்துற துணியா?"

அவன் காலைக் கழுவி முடித்து, கழுவின காலையே மறுபடியும் கழுவினான். அவள் சட்டையைத் துவைத்தாள். ரசீதை மட்டும் காயவைத்து அவன் தட்டுக்கு அடியில் வைத்தாள். மூன்று வேளைக்கு அதன் மேல்தான் அவனுக்குச் சோறு.

மறுசோதனைக்கு ஐந்து வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். மழை போய் நாளாகியிருந்தது. நிலம் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. இந்த லட்சணத்தில் திரும்பத் தோண்டினால் முப்பத்திநாலு முப்பதாகும் என்று தராசுக்கே தெரியும். ஆனால் அவனுக்கு இன்னொன்றும் தெரியும். மண் டாக்டர் தோண்டுவது ஒரே ஒரு குழி. அதுவும் கயிறு வெட்டிக்கொள்கிற இடத்தில். மூன்று நாள் கயிறு பிடித்து நிலத்தைப் பிரித்தவனுக்கு அந்த இடம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் மூட்டைக்கு வாயில் நல்ல பருப்பும் அடியில் சொத்தைப் பருப்புமாகக் கட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தத் தெருவில்தான் வளர்ந்தேன், ஆகவே குற்றமாகச் சொல்லவில்லை. தராசு அதையே நிலத்தில் செய்தான். நடுவில் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு அதே நீளம், முழங்கால் ஆழம் ஒரு குழி. அதிலிருந்த கட்டி மண்ணை எடுத்து வாய்க்கால் கரையில் கொட்டினான். குழியை நிரப்ப நல்ல மண் வேண்டும். நல்ல மண் எங்கே இருக்கிறது என்று பலகையிலேயே எழுதிப்போட்டிருந்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் சின்னவனும் அவன் பெண்டாட்டியும் ஊராட்சிச் சந்தைக்குப் போவார்கள். வீடு பூட்டியிருக்கும். முதல் செவ்வாய், உச்சி வெயிலில், தராசு ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வரப்பைத் தாண்டினான். குப்பைக் குழிக்குப் பின்னால் ஒரு மூலை. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு கோணி மண்தான் எடுக்க முடிந்தது. தம்பி மண்ணும் காய்ந்துதான் இருந்தது. கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தது. புழு நாலோ ஐந்தோ. எண்பத்தொண்ணு, மண்ணாங்கட்டி என்று அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே வீட்டுக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை போனால் அதே மூலை புட்டு மாதிரி உதிர்ந்தது. மேலே ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தது. சாக்கைத் தூக்கினால் அடியில் புழு நெளிகிறது. மண்வெட்டியை வைத்தால் தானாக இறங்குகிறது. தராசுக்கு வயிறு எரிந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது இவன் மூலையில் மட்டும் ஈரம் எங்கிருந்து வருகிறது? கிழக்கு, கிழக்கு என்று அன்றைக்கு எடுத்தானே, அப்போதே இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடியில் ஊற்று இருக்கிறது. இருபத்திரண்டு வருஷக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தான். ஆத்திரத்தில் இரண்டு கோணி கூடவே அள்ளினான். பக்கத்தில் நாலு காலிக் கோணி மடித்து வைத்திருந்தது, அதையும் எடுத்துக்கொண்டான்.

லாரி லாரியாக விற்றவன் கோணி கோணியாகத் திருடினான். ஏழு சந்தை நாள், பதினாறு கோணி.

மூன்றாவது சந்தை நாளிலேயே தையல்காரி பார்த்துவிட்டாள். வண்டிச் சக்கரம் கீச்சிடும் சத்தம் வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் கேட்காமலா இருக்கும். அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அவள் தன் வாயால் புருஷனைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். ஆனால் மண்ணுக்குச் சொந்தக்காரன் வாயைத் திறந்தால் மறுசோதனை ரத்தாகும், முப்பத்திநாலு நிற்கும், ஜன்னல் பிழைக்கும். மறுநாள் சின்னவன் பீன்ஸ் கொடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள்.

"குப்பைக் குழிக்குப் பின்னாடி போய்ப் பார்த்தீங்களா?" என்றாள்.

"இல்லையே அண்ணி. என்ன?"

"பள்ளமா இருக்கு."

"எலியா இருக்கும்."

"எலி வண்டி தள்ளாது. உங்க அண்ணன் உங்க மண்ணை எடுத்து எங்க நிலத்துல புதைக்கிறார். நீங்க ஒரு வார்த்தை அந்த அம்மாகிட்டச் சொன்னாப் போதும். நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்."

சின்னவன் முடிச்சைப் போட்டு முடித்து, அடுத்த கொடியைப் பிடித்தான். "நான் ஒண்ணும் பார்க்கல அண்ணி. அண்ணன் அப்படிச் செய்யறவர் இல்ல. ரெண்டு கூடை மண்ணு எடுத்தாலும் எடுத்துட்டுப் போகட்டும், வெளி ஆளா?"

அவள் திரும்பி வந்தாள். வருகிற வழியில் அவளுக்கு அழுகை வந்ததாம். ஜன்னல் போகிறதே என்று அழுதது பாதி. இப்படி ஒரு தம்பியை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் வேகிறாரே என்று அழுதது மீதி. தனக்கு ஏன் மூத்தவரை மாப்பிள்ளை பார்த்தார்கள் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் பல்லால் நூலைக் கடித்தாள்.

மறுசோதனை அன்று சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று என்னையும் டீக்கடைக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். மண் டாக்டர் காலை ஒன்பதுக்கே வந்துவிட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் சின்னவன் களை எடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். எடுத்த களையையே எடுத்துக்கொண்டிருந்தான். தையல்காரி வாசற்படியில், மடியில் யாருடைய பேன்ட்டோ.

கயிறு பிடித்தார்கள். கயிறு வெட்டிக்கொண்ட இடத்தில் மண் டாக்டர் மண்வெட்டியை வைத்தார். சுற்றிலும் நிலம் வெளுத்துக் கிடக்க, மண்வெட்டி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கறுத்த மண் வந்தது. அவர் நிமிர்ந்து தராசைப் பார்த்தார். தராசு ஏரியைப் பார்த்தான்.

"போன தடவை இந்த இடத்துல எனக்குக் கை வலிச்சுது," என்றார்.

"நடுவுல நிறைய உரம் போட்டேங்க."

"நடுவுல மட்டும்?"

"நடுவுலேர்ந்துதானே ஆரம்பிக்கணும்."

டீக்கடைக்காரர் இருமினார். மண் டாக்டர் புழுவை எண்ணினார். இருபத்திமூன்று. போன தடவை ஒன்று, அதுவும் அரை உயிராக. தண்ணீரை ஊற்றினார். போன தடவை டம்ளரில் நிற்கிற மாதிரி கால் மணி நேரம் நின்றது. இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் பாதி இறங்கிவிட்டது. ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். உள்ளங்கையில் பரப்பினார். அதில் மக்காத கோஸ் காம்பு ஒன்று இருந்தது. தராசு கோஸ் போடுவதே இல்லை.

அவர் அந்தக் காம்பைப் பார்த்தார், வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கோஸ் பாத்தியைப் பார்த்தார், சின்னவனைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் தையல்காரி தையலை நிறுத்தினாள்.

சின்னவன் எழுந்து நின்றான். "எனக்கென்னங்க ஆட்சேபணை," என்றான். "எங்க அண்ணன் நல்ல விவசாயி."

மண் டாக்டர் காம்பைக் குழிக்குள்ளேயே போட்டார். ஊராட்சிக்கும் ஒரு கணக்கு உண்டல்லவா. ஏரிக்கு மேலே இன்னும் மூன்று ஏக்கர் சிமெண்டு ஆகாமல் தப்புகிறது என்றால் அவர் எதற்கு அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? காகிதத்தில் எழுதினார். "இந்தக் குழிக்கு அறுபத்தாறு," என்றார், 'குழிக்கு' என்பதில் கொஞ்சம் அழுத்தி. "பலகை வரும். மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் வருவேன். அப்போ கயிறு கிடையாது. எங்க தோண்டறதுன்னு நான் நடந்து பார்த்து முடிவு பண்ணுவேன். அறுபது இல்லைன்னா ஊர்ல எல்லாருக்கும் முன்னாடி பலகையைப் பிடுங்குவோம். தடை மட்டும் முப்பது வருஷமும் இருக்கும்."

தராசின் காதில் அறுபத்தாறு மட்டும்தான் விழுந்தது.

மனைக்காரர் இரண்டே நாளில் வேறு பக்கம் போய்விட்டார். போகும்போது என் கடை வாசலில் நின்று ஒரு சோடா குடித்துவிட்டு, இத்தனை வருஷத் தொழிலில் என்னை விலையில் தோற்கடித்தவன் உண்டு, இப்படித் தோற்கடித்தவன் இல்லை என்றார். மார்க்கெட் தெரு வீட்டை ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வாங்கினார். கிழக்கு ஜன்னலை அடைத்து அலமாரி போட்டுவிட்டார் என்று தையல்காரிக்குச் சேதி போனது. அலமாரி எத்தனை அகலம் என்று மட்டும் கேட்டாள்.

தராசின் பலகை வந்தது. நட்டு முடித்த ஆட்கள் போனதும் அவன் சாண் போட்டு அளந்தான். பிறகு வரப்பைத் தாண்டிப் போய்த் தம்பி பலகையையும் அளந்தான். இரண்டும் ஒரே அளவு. தம்பி பலகை வெயிலில் ஒரு சுற்று வெளுத்திருந்தது. தன்னுடையது புதுப் பச்சை. அந்த மகிழ்ச்சி நாலு நாள் தாங்கியது. ஐந்தாவது நாள், அறுபத்தாறுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவில் பதினைந்து இருக்கிறது என்பது அவன் கண்ணில் பட்டது. மறுபடியும் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சின்னவன் பெண்டாட்டி ஒரு கிழிந்த பாவாடையை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். இடுப்பில் கிழிந்திருந்தது. குடம் உரசி உரசிக் கிழிந்த கிழிசல். தையல்காரி பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இப்படிக் கிழிய எத்தனை குடம் சுமந்தே என்றாள் விளையாட்டாக.

"தினம் எட்டு," என்றாள் வந்தவள். "இருபத்திமூணு நாள். குடிக்கிற தண்ணி அக்கா. ஏரிக்கரைக் குழாய்லேர்ந்து."

"பயிருக்கா?"

"பயிருக்கா இருந்தாத் தலையிலயே சுமப்பேனே. அந்தக் குப்பைக் குழி மூலைக்கு. ஒண்ணும் போடாத மூலைக்கு. நனை நனைன்னு உயிரை எடுத்தார். நனைச்சு, பழம் தோலெல்லாம் போட்டு, சாக்கு போட்டு மூடி வைப்பார். புழு மேல வரணுமாம். சந்தைக்குப் போற அன்னிக்குக் காலையில ஒரு தடவை கிளறிவிடுவார். காலிக் கோணியை வேற மடிச்சு வைப்பார். யாருக்குய்யா இந்த விருந்துன்னு கேட்டேன்."

தையல்காரி மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்ன சொன்னார்?"

வந்தவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, எட்டுக் குடத்தின் பாரத்தையும் இறக்கிவைக்கிற மாதிரி சொன்னாள். "அண்ணன் நிலத்தை வித்துட்டு மார்க்கெட் தெருவுல ஃபேனுக்குக் கீழ உட்காருவான், நான் மட்டும் இந்த மண்ணுல முப்பது வருஷம் கிடக்கணுமா, நல்லா மண்ணைப் பார்த்துக்கிட்டதுக்கு எனக்கு இதுதான் கூலியான்னார். பலகை நட்ட அன்னிக்கு ராவெல்லாம் தூங்கல அக்கா. கை குலுக்கினாங்களே, அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கினார். அண்ணன் மண்ணு எடுக்க வந்தார்னு தெரிஞ்சதும் எழுந்து உட்கார்ந்தார் பாரு, அன்னிக்குத்தான் ரெண்டு தட்டுச் சாப்பிட்டார்."

கிழிசலைத் தைத்து முடித்து, நூலைக் கத்தரித்து, மடித்துக் கொடுத்தாள் தையல்காரி. இவள் கூலி கேட்கவில்லை, அவள் கொடுக்கவும் இல்லை. எங்கள் தெருவில் இரண்டு தரப்பும் ஏமாந்த வியாபாரத்தில் யாரும் ரசீது கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் தராசு வயலிலிருந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். அவித்த உருளைக்கிழங்கு, இரண்டு முட்டை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அவள் எதிரில் நின்றபடியே, குடம், சாக்கு, கோணி, ஃபேன், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இத்தனை வருஷத்தில் இவர் முதல் தடவையாக வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தாள். தம்பி வீட்டுக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார் என்றும் பயந்தாள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். "அவன் ராவெல்லாம் தூங்கலையா?"

"தூங்கலையாம்."

"என்னைப் பார்த்தா?"

"உங்களைப் பார்த்துத்தான்."

"ஃபேனுக்குக் கீழன்னா சொன்னான்? இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அவன் சிரித்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் அந்த முகத்தில் பார்த்ததில்லையாம். கல்யாணத்தன்றுகூட அவன் தம்பிக்கு எடுத்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழங்கை எடுத்து வாயில் போட்டான். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். இன்னும் ரெண்டு வை என்றான். உப்பு சரியா இருக்கு என்றான்.

அந்த ஒரு சிரிப்புக்கு விலை, மார்க்கெட் தெருவில் கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வைத்த ஒரு அறை. கொடுத்தது அவள்.

அவள் அடுப்பை அணைத்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு அவன் படுக்கிற அறைக்குள் போனாள். அந்த வீட்டில் கிழக்கே ஜன்னல் உள்ள ஒரே அறை அது. அகலத்தை அளந்தாள், உயரத்தை அளந்தாள், கட்டிலைச் சுற்றிவந்து பார்த்தாள். திரும்பி வந்து, "நாளையிலேர்ந்து மெஷின் அந்த ரூம்ல. உங்க கட்டிலை நடையில போட்டுக்குங்க," என்றாள். "மூணு வருஷத்துல அந்த அம்மா வருவாங்க. அதுக்குள்ள பதினாறு கோணி மண்ணையும் மூணு ஏக்கராக்கணும். வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல படுத்தா சீக்கிரம் முழிப்பு வரும்."

தராசு கையைக் கழுவவில்லை. யோசித்தான். அவள் சண்டைக்குத் தயாராக நின்றாள். இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வார்த்தை வைத்திருந்தாள்.

"தம்பி அவன் வீட்டுல எங்க படுக்கிறான்?" என்று கேட்டான்.

"நேத்துலேர்ந்து நடையில. குடம் சுமந்தவ சும்மா விடுவாளா?"

அவன் எழுந்தான். மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய்க் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து, தானே தூக்கினான்.